உப்பிடாத சாறு

துவரை மிளாறு ஒரு கட்டு. கோடி வீட்டக்காவுக்கு அதுதான் கடிகாரம். கட்டைப் பிரித்து முதல் குச்சியைப் பற்றவைத்தாளானால், கடைசிக் குச்சி சாம்பலாவதற்குள் ஆறு வீட்டுக்கும் சாறு இறங்கிவிடும். "மிளாறு மிஞ்சினா நான் ஜெயிச்சேன், காய் வேகாம மிளாறு தீந்துட்டா அடுப்பு ஜெயிச்சுது" என்பாள். அடுப்பு ஜெயித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் சாறு என்றால் ரசமும் இல்லை, குழம்பும் இல்லை. காயும் நீரும் ஒன்றாகக் குழைந்து, களி உருண்டையைத் தோய்த்து விழுங்க வாகாக இருப்பது. இப்போது என் பேத்தி அதைச் சூப்பு என்கிறாள். பெயர் எதுவானால் என்ன, பசிக்குத் தெரியும்.

ஜூஜுவாடியில், மைசூர் எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் ஆறு. ஐந்து ஒட்டினாற்போல இருக்கும். ஆறாவது மட்டும் ஒரு புங்க மரம் தள்ளி, கோடியில். என் வீட்டுக்காரருக்கு எல்லைக் கேட்டில் காவல் வேலை. கோடி வீட்டக்காவின் வீட்டுக்காரர் பெங்களூர் ரோட்டுக்குத் தார் போடுகிற ரோடு இன்ஜினில் நெருப்புப் பார்த்துக்கொள்கிறவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அக்கா எங்களோடு தமிழ் பேசுவாள், நடு வீட்டுக் கன்னடத்தம்மாவோடு கன்னடம் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் யாரிடமாக இருந்தாலும் தெலுங்குதான்.

எங்கள் குடும்பம் பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். அக்காவின் சனங்கள் மண் வெட்டி, கல் உடைத்துப் பிழைத்தவர்கள். அவர்கள் வீட்டில் எங்கள் சனம் கை நனைக்கிற வழக்கம் கிடையாது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. அவள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. கோடி வீட்டக்கா, அவ்வளவுதான்.

சந்தை கூடுவதற்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் காய்க்கூடை அடிதட்டிவிடும். அன்றைக்கு அக்கா ஒரு முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவாள். பின்வாசலுக்கு நாலடி தள்ளி நின்று, "என்னா மிஞ்சுச்சு?" என்று ஒரு குரல்.

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாத வீடு உண்டா சின்னம்மா? கூடையைக் கவுத்துப் பாருங்க."

கவிழ்த்தால் அரைக் கத்தரிக்காய் இருக்கும். முற்றின பீன்ஸ் நாலு, நூக்கோல் ஒரு துண்டு, கீரையை ஆய்ந்தபின் தள்ளின தண்டு. பக்கத்து வீட்டில் வதங்கின முள்ளங்கி, அதற்கடுத்த வீட்டில் மேரக்காய் ஒரு பாதி. மார்கழி, தை மாதமானால் அவரை. அதை மட்டும் கன்னடத்தம்மா மிஞ்சவிட மாட்டாள். "அவரைக்காயி மிஞ்சுற வீடு எங்க வீடு இல்ல, முன்னால போ" என்று விரட்டுவாள். ஆனால் தோலையாவது தருவாள். அக்கா தோலையும் வாங்கிக்கொள்வாள். நாரை உரித்து, உள்ளே இருக்கும் சதையை நகத்தால் வழித்துப் போடுவாள்.

காய் அரிகிற விதத்தில்தான் அவள் வேகம் இருந்தது. கெட்டியான காயைப் பொடியாக அரிவாள், மெத்தென்ற காயைப் பெரிதாக. நூக்கோல் சுண்டைக்காய் அளவு, பூசணி புளி உருண்டை அளவு. "கெட்டிக்காரனைச் சின்னதாக்கு, சாதுவைப் பெருசா விடு, ரெண்டு பேரும் ஒண்ணா வெந்துருவாங்க" என்பாள். பூண்டும் மிளகும் சீரகமும் கல்லில் ஒரு தட்டு, அரைப்பதில்லை. கொத்தமல்லியின் வேரை நாங்கள் கிள்ளி எறிவோம், அவள் அதைத்தான் முதலில் போடுவாள். எல்லாம் கொதித்து வரும்போது ஒரு பிடி கேழ்வரகு மாவை நீரில் கரைத்து ஊற்றுவாள். உடனே சாறு பளபளவென்று கெட்டிப்படும். அப்போது எழும்புகிற மணத்துக்கு எல்லைக் கேட்டில் நிற்கிற லாரிக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இது எல்லாம் நடப்பது அவள் வீட்டுக்குள் அல்ல. புங்க மரத்தடியில், மூன்று கல் கூட்டி, வெட்டவெளியில். பித்தளை அடுக்கைக் கிணற்றடியில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் புளி போட்டுத் தேய்ப்பாள். தேய்த்துவிட்டு, பளபளக்கிறதா என்று யாரையும் கேட்கமாட்டாள். சும்மா வெயிலில் ஒருமுறை திருப்பிக் காட்டுவாள்.

அந்த அடுக்கில் அவள் உப்பு மட்டும் போட மாட்டாள்.

அதற்கு நான்தான் காரணம்.

ஜூஜுவாடிக்கு வருமுன் எனக்கு இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தரித்தவுடன் என் மாமியார் ஓசூர் மலைமேல் இருக்கிற ஈசுவரனுக்கு வேண்டிக்கொண்டாள்: குழந்தை பிறந்து, மலையேற்றி முடி இறக்குகிற வரையில் மருமகள் வெளி வீட்டு உப்புத் தொடமாட்டாள் என்று. எங்களில் உப்பு விழுந்தால்தான் அது சமைத்த சோறு. நானும் மனசார ஏற்றுக்கொண்டேன். கோயிலில் பிரசாதமாகத் தந்த புளியோதரையைக்கூட வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு வந்தவள் நான்.

மூன்றாம் மாதம் குமட்டல் பிடித்துக்கொண்டது. ஐப்பசித் தூறல், நடுக்குகிற குளிர். கேட்டில் ஆள் குறைவென்று வீட்டுக்காரரை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல நிறுத்திவிட்டார்கள். எனக்கு அடுப்பைப் பார்த்தாலே வயிறு புரளும். பட்டினியாகப் படுத்துக்கிடந்தேன். இதையும் இழந்துவிடுவேனோ என்ற பயம் ஒரு பக்கம். எழுந்து ஒரு கஞ்சி வைக்கத் தெம்பில்லை.

பின்வாசலில் குரல் கேட்டது.

"சின்னம்மா, எந்திரிக்க வேணாம், படுத்துக்கிட்டே கேளுங்க. ரெண்டு நாளா உங்க ஓட்டு மேல புகையைக் காணோம்."

"அடுப்பாண்ட போனாலே குமட்டுது."

"சாறு வெச்சுத் தரட்டுங்களா?"

"வேண்டுதல் இருக்குதும்மா. வெளி வீட்டு உப்புத் தொடக்கூடாது."

போகிற காலடி மட்டும் கேட்டது. மனம் நோகச் சொல்லிவிட்டேனோ என்று கிடந்தேன். ஒரு கட்டு மிளாறு எரிகிற நேரம் போயிருக்கும். மறுபடி அதே குரல்.

"உப்புப் போடல சின்னம்மா. வெறும் வெந்த காயி. மரத்தடியில ஆக்கினேன், நம்ம லைன் கிணத்துத் தண்ணி. உங்க ஏனத்தை வாசப்படியில வைங்க, எட்ட நின்னு ஊத்தறேன், என் கரண்டி படாது. உங்க வீட்டு உப்பை உங்க கையால போட்டுக்குங்க. அப்புறம் அது உங்க வீட்டுச் சமையல்தானே? சாமி கேட்டா நான் வந்து சொல்றேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் ஏனத்தை வைத்தேன். அவள் கையை உயர்த்தி ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் உள்ளே வந்து உப்பை விரலில் எடுத்துக்கொண்டு, மலை இருக்கிற திக்கைப் பார்த்து, "ஈசுவரா, தப்பாயிருந்தா எனக்கு மட்டும் தண்டனை கொடு, வயித்துல இருக்கறதுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போட்டேன். மூன்று நாளில் என் வயிற்றில் தங்கின முதல் ஆகாரம் அதுதான். குடித்து முடித்து, ஏனத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து எட்டாம் மாதம் வரைக்கும் ஏதாவது ஒரு காயை வேகவைத்து உப்பில்லாமல் கொண்டுவந்துவிடுவாள். மற்ற வீட்டுக்காரிகள் பார்த்தார்கள். மணம் யாரை விட்டது? முதலில் வந்தவள் கன்னடத்தம்மாதான். அவள் மடி ஆசாரம் பார்க்கிறதில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவள்.

"ஏ பாரூர்க்காரி, உனக்கு மட்டும்தான் சட்டத்துல ஓட்டை இருக்கா? உப்பில்லாட்டி தோஷமில்லைன்னா எனக்கும்தான் தோஷமில்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கோடிப் பக்கம் திரும்பி, "நாளைக்கி அடுக்கு கொஞ்சம் பெருசா வெய்யி" என்று உத்தரவு போட்டாள்.

அப்படித்தான் முறம் வந்தது, அப்படித்தான் ஆறு வீட்டுச் சாறு ஆயிற்று. ஒரே அடுக்கு, ஆறு ருசி. நான் கல்லுப்பும், நெய்யில் சீரகமும். கன்னடத்தம்மா தேங்காயும், ஒரு துளி வெல்லமும். அடுத்த வீட்டில் மிளகாய் கிள்ளிப் போட்டு மூக்கில் நீர் வர வைப்பார்கள். மறுநாள் கிணற்றடியில், "என் சாறு எப்படித் தெரியுமா?" என்று ஆளாளுக்குப் பெருமை. அது யாருடைய சாறு என்று ஒருத்தியும் சொன்னதில்லை. அக்கா குடத்தை விளக்கிக்கொண்டே சிரிப்பாள்.

ஏழாம் மாதம் மாமியார் வந்தாள். ஏனத்தைத் திறந்து பார்த்தாள்.

"யாரு ஆக்கினது?"

"உப்பு நம்ம வீட்டுதுங்க அத்தை."

"நான் உப்பையா கேட்டேன்? ஆக்கினவளைக் கேட்டேன்."

நான் கோடி வீட்டைக் கண்ணால் காட்டினேன். என் வீட்டுக்காரர் களியை உருட்டிக்கொண்டே தலை நிமிராமல், "ஆறிப்போவுதும்மா, சாப்பிடு" என்றார். மாமியார் ஏனத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுத் திருப்பினாள். "சதை புடிச்சிருக்குது" என்றாள். பிறகு உப்புச் சாடியில் கையை விட்டுத் தானும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு, "இப்ப இது எம் உப்பு. கேக்கறவன் என்னை வந்து கேக்கட்டும்" என்று உட்கார்ந்து, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். ஊருக்குப் போகிற அன்று ஒரு பை நிறைய மொச்சைக்கொட்டையைக் கோடி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பச்சையாகக் கொடுப்பதில் குற்றமில்லை என்பது அவள் கணக்கு. பதிலுக்கு அக்காவிடமும் பச்சையாக எதையாவது கேட்டு வாங்கியிருக்கலாம். அது எனக்கே அப்போது தோன்றவில்லை, மாமியாருக்கு எங்கே தோன்றும்.

பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் மாதம் மலையேறினோம். முடி இறக்கி, சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டு இறங்கினோம். அன்றோடு என் நேர்ச்சை தீர்ந்தது.

மறுவாரம் அக்கா சாறு கொண்டுவந்தாள். ஏனத்தை நீட்டினேன். எட்ட நின்று ஊற்றினாள்.

"வேண்டுதல் நல்லபடியா தீந்துதுங்களா சின்னம்மா?"

"தீந்துதுக்கா."

அப்போது 'அக்கா' என்று கூப்பிடப் பழகியிருந்தேன். ஒரு கணம் நின்றாள். எதற்காக நின்றாள் என்று எனக்குத் தெரிந்தது. இனிமேல் உப்புப் போட்டே கொண்டுவா என்று நான் சொல்ல வேண்டும். வேண்டுதல் இல்லை, தடை இல்லை. வழக்கம் ஒன்றுதான் நடுவில். நான் சொல்லவில்லை. "மணக்குதுக்கா" என்றேன். அவளும் "ஆறறதுக்குள்ள சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாறு உப்பில்லாமலேதான் வந்துகொண்டிருந்தது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து இன்னொன்று நடந்தது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சாமிக்குத் தெரிந்ததைக் காகிதத்திலிருந்து மறைத்து என்ன ஆகப் போகிறது.

குழந்தை தத்தித் தத்தி நடக்கிற பருவம். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அது புங்க மரத்தைத் தாண்டிக் கோடி வீட்டுக்குள் போய்விட்டது. அக்கா களியும் சாறும் வட்டிலில் போட்டுவைத்துவிட்டுத் தண்ணீர் மொள்ளத் திரும்பியிருக்கிறாள். குழந்தை வட்டிலில் கையை விட்டு வாயில் வைத்துக்கொண்டது. அது அவள் தனக்கென்று உப்புப் போட்ட சாறு.

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. முந்தானையால் அதன் வாயைத் துடைத்துத் துடைத்து, உதட்டோரம் சிவந்திருந்தது.

"தெரியாம நடந்துபோச்சு சின்னம்மா. ஒரு வாய்தான். நான் திரும்பறதுக்குள்ள… சத்தியமா நான் ஊட்டல."

பரவாயில்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். நான் குழந்தையை வாங்கி, அவள் கண் எதிரிலேயே, செம்புத் தண்ணீரால் அதன் வாயைக் கழுவினேன். கை தானாகச் செய்தது. குழந்தையோ தண்ணீரைத் துப்பிவிட்டு, கோடி வீட்டைக் காட்டி, இன்னும் வேண்டும் என்று கையை நீட்டி அழுதது.

அக்கா திரும்பிப் போய்விட்டாள்.

சாயந்திரம் கிணற்றடியில் கன்னடத்தம்மாவிடம் அவள் பேசிக்கொண்டிருந்தது துணி எடுக்கப் போன என் காதில் விழுந்தது. கோபமில்லை, அதனால் தெலுங்கில் அல்ல, கன்னடத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு எனக்கும் அது புரியும்.

"விடுங்கம்மா, இதுல என்னா இருக்குது. ஆனா பாருங்க, இந்த லைன்ல எங் கை உப்பு எப்படியிருக்கும்னு தெரிஞ்சது அந்தப் பாப்பா ஒண்ணுக்குத்தான். நல்லாயிருந்துச்சுபோல, அழுதுச்சே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் துணியை எடுக்காமலே திரும்பிவிட்டேன். அந்த வாரமும் சந்தைக்கு முந்தின நாள் முறம் வந்தது. "என்னா மிஞ்சுச்சு?" அதே குரல்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உப்பிடாமலே மூன்று வருஷம் ஊட்டியவளை எந்த அளவு நினைப்பது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் அந்தச் செம்புத் தண்ணீர் எனக்கு ஞாபகம் வந்துவிடும். "ஈசுவரா, ஒரு வழி காட்டு" என்பேன். வழி பத்தடி தூரத்தில், புங்க மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடக்கத்தான் கால் வரவில்லை.

எல்லை வரை தார் போட்டு முடிந்தது. ரோடு இன்ஜினைக் கிருஷ்ணகிரி தாண்டி எங்கேயோ கொண்டுபோகிறார்கள், அதோடு ஆட்களும் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாளைக்கு உச்சிவேளைக்கு லாரி வரும் என்று அக்கா வந்து சொன்னபோது, யாரோ தெரியாதவர்கள் ஊருக்குப் போவதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் குளித்து, விளக்கேற்றி, நெற்றிக்கு இட்டுக்கொண்டேன். சாமியிடம் எதுவும் கேட்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு எங்கள் வீட்டு முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பின்வாசலாகப் போனேன்.

"என்னா மிஞ்சுச்சு?"

கன்னடத்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "என்ன, வேலை மாத்திக்கிட்டியா?"

"ஆமா. கூடையைக் கவுத்துப் பாருங்க."

அவள் உள்ளே போனாள். அரைக் கைப்பிடி அவரைக்கொட்டையைக் கொண்டுவந்து முறத்தில் போட்டாள். தோல் இல்லை, கொட்டை.

கோடி வீட்டில் சாமான் எல்லாம் சாக்கில் கட்டி வாசலில் இருந்தது. பித்தளை அடுக்கு வைக்கோல் சுற்றி அடியில் போய்விட்டது. அடுப்பில் ஒரு சின்ன மண்சட்டி மட்டும்தான் மிச்சம். நான் நாலடி தள்ளி நிற்கவில்லை. குனிந்து உள்ளே போனேன். மூன்று வருஷத்தில் அந்த வீட்டு நிலைப்படியை அன்றுதான் தாண்டினேன்.

அக்கா பதறி எழுந்தாள். "சின்னம்மா, இங்க எங்க வந்தீங்க? தரை கூட மெழுகல."

"சாறு வைங்கக்கா. எனக்குப் பசிக்குது."

"அடுக்கைக் கட்டிட்டேனே! சரி, இருங்க, சட்டியில வெக்கறேன். மரத்தடியில கல்லு இருக்குது…"

"மரத்தடியில வேணாம். இங்கயே வைங்க. உப்பும் நீங்களே போடுங்க."

முறத்தில் இருந்த நூக்கோலை எடுத்த கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து காய் அரிய ஆரம்பித்தாள். கெட்டியைப் பொடியாக, மெத்தென்றதைப் பெரிதாக. எப்போதும்போல. துவரை மிளாறு அரைக் கட்டுத்தான் இருந்தது. சட்டி சின்னது, அதனால் போதும். பூண்டைத் தட்டினாள். மாவைக் கரைத்து ஊற்றினாள். சாறு பளபளத்துக் கெட்டிப்பட்டது. சாக்குக்குள் கைவிட்டு உப்புச் சாடியைத் தேடி எடுத்தாள். மூடியைத் திறந்து, ஒரு கை அள்ளி, யோசிக்காமல், அளவு தெரிந்தவள்போல, சட்டியில் போட்டாள்.

இரண்டு வட்டிலில் ஊற்றினாள். என் வட்டிலில் அவள் கரண்டி பட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் குடித்தேன்.

கடல் தண்ணீர் தோற்றது. நாக்கு சுருண்டுகொண்டது. நான் முகத்தை மாற்றாமல் விழுங்கினேன். இன்னொரு வாய். இன்னொரு வாய்.

"எப்படி இருக்குதுங்க சின்னம்மா?"

"அளவா இருக்குதுக்கா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியோடு தன் வட்டிலை எடுத்து ஒரு வாய் வைத்தாள். வைத்தவள் கண்ணை மூடினாள். துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் ஒரு கணம். விழுங்கிவிட்டு, என்னைப் பார்த்து, "பொய் சொல்றியா புள்ள?" என்றாள்.

மூன்று வருஷத்தில் அன்றுதான் அவள் என்னை 'நீ' என்றாள்.

"ஆறு வீட்டு அடுக்குக்கு எவ்வளவு உப்புன்னு மனசுல ஒரு கணக்கு வெச்சிருந்தேன். ஒவ்வொரு தபா சாறு கொதிக்கறப்பவும், இப்பப் போட்டா ஒரு கை போடணும்னு நெனைச்சுக்குவேன். நெனைச்சு நெனைச்சு, கை அந்த அளவையே புடிச்சுக்கிச்சு. இன்னிக்கு அடுக்கு இல்ல, சட்டின்னு எனக்கு ஞாபகமே வரலியே! அய்யோ ராமா, ஆறு வீட்டு உப்பைக் கொண்டாந்து உன் வாயில கொட்டிட்டேனே!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். நானும் அதையேதான் செய்தேன். குழந்தை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, என் வட்டிலில் கையை விட்டு நக்கி, முகத்தைச் சுளித்து, அழாமல் மறுபடி கையை விட்டது. நான் தடுக்கவில்லை.

லாரி வந்தது. சாமான் ஏற்றினார்கள். சட்டியில் மிஞ்சின சாற்றை அக்கா கொட்டப் போனாள். நான் பிடுங்கிக்கொண்டேன். "கொட்டினா பூமாதேவி கோவிச்சுக்குவா" என்றேன். அது அவள் பேச்சுத்தான். சட்டியையும் நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, லாரியின் பின்பக்கம் மூட்டைகளோடு மூட்டையாக ஏறி உட்கார்ந்தாள். புதுத் தார் ரோட்டில், அவள் வீட்டுக்காரர் நெருப்புப் பார்த்துப் போட்ட ரோட்டில், லாரி குலுங்காமல் போய்விட்டது.

நான் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் குடித்தேன். ஒரு செம்பு. இரண்டு செம்பு. தாகம் அடங்கவில்லை. கன்னடத்தம்மா குடத்தோடு வந்தாள்.

"என்ன பாரூர்க்காரி, கிணத்தையே வத்த அடிச்சிடுவே போலிருக்கு?"

"சாறுல உப்பு ஜாஸ்தி."

"உன் வீட்டு உப்பை உனக்கே அளவாப் போடத் தெரியாதா?"

"என் வீட்டு உப்பில்லை. அக்கா போட்டது. அவங்க வீட்டுக்குள்ள உக்காந்து சாப்பிட்டேன்."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். கோடி வீட்டுப் பக்கம் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. புங்க மரத்தடியில் மூன்று கல் கரியேறி அப்படியே இருந்தது. என்னைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மிஞ்சியிருக்கா?" என்றாள்.

இருந்தது. சட்டியை நீட்டினேன். அந்த ஆசாரக்காரி சட்டியைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினாள். "தேவுரே!" என்று தலையை உதறினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

அன்று உச்சிவெயிலில் நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து, மாற்றி மாற்றி இறைத்து, தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தோம்.